கடலோரத்திலிருந்து வெளிநாட்டு கிளப் வரை: கால்பந்து வீராங்கனைகளும் பெற்றோரும் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

தொண்டி, தேவிபட்டினம், மண்டபம், தங்கச்சிமடம், கீழக்கரை, மூக்கையூர் என்று ராமநாதபுரம் கரை முழுக்கப் பந்து விளையாடும் பெண் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களில் நன்றாக ஆடும் ஒரு பிள்ளை வெளிநாட்டு கிளப்பில் தொழில்முறையாக ஆட வேண்டுமானால் என்னென்ன வேண்டும், எங்கே சறுக்கும் என்பதைக் கேள்வி பதிலாக இங்கே தருகிறோம். ஆட்டத் திறமையில் தோற்பவர்களைவிடக் காகிதத்தில் தோற்பவர்கள் அதிகம். அதனால் காகித வேலைக்கே இங்கு இடம் கூடுதல்.

இந்தியாவிலிருந்து பெண்கள் உண்மையிலேயே வெளிநாட்டு கிளப்புகளில் ஆடியிருக்கிறார்களா?

ஆடியிருக்கிறார்கள். மணிப்பூரின் பெம்பெம் தேவி 2014இல் மாலத்தீவின் நியூ ரேடியன்ட் கிளப்புக்கு ஆடினார். கோல்கீப்பர் அதிதி சௌஹான் 2015இல் இங்கிலாந்தின் வெஸ்ட் ஹாம் மகளிர் அணியில் சேர்ந்தார். 2020 ஜனவரியில் பாலா தேவி ஸ்காட்லாந்தின் ரேஞ்சர்ஸ் கிளப்போடு 18 மாத ஒப்பந்தம் போட்டார். அதற்கு முன் அங்கே போய் ட்ரயலில், அதாவது தேர்வு ஆட்டத்தில், ஆடிக் காட்டினார். மனீஷா கல்யாண் 2022இல் சைப்ரஸின் அப்போலோனுக்குப் போய், ஐரோப்பிய மகளிர் சாம்பியன்ஸ் லீகில் களமிறங்கிய முதல் இந்தியர் ஆனார். பிறகு கிரீஸின் பாவோக், பெருவின் அலியான்சா லிமா என்று தொடர்ந்தார். அதே 2022இல் ஜோதி சௌஹானும் சௌம்யா குகுலோத்தும் குரோஷியாவின் டைனமோ சாகிரெப்புக்கும், டாங்மெய் கிரேஸ் உஸ்பெகிஸ்தானின் நசாஃப் கிளப்புக்கும் போனார்கள்.

நம் பக்கத்துக்கு இன்னும் நெருக்கமான உதாரணம் நேபாளத்தின் சபித்ரா பண்டாரி. மதுரைப் பக்கத்து சேது எஃப்.சி. 2019இல் இந்திய மகளிர் லீகை வென்றபோது அந்த அணியில் கோல் அடித்துக் குவித்தவர் அவர். அங்கிருந்து கோகுலம் கேரளா, பிறகு இஸ்ரேல், 2024இல் பிரான்சின் கெங்காம் என்று ஏறிப் போனார். ராமநாதபுரத்திலிருந்து பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் இருக்கும் ஒரு கிளப் ஐரோப்பாவுக்குப் படியாக இருக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

எங்க பாப்பாவுக்கு 15 வயசு. ஸ்பெயின்ல அகாடமி இருக்கு, இப்பவே அனுப்பணும்னு சொல்றாங்க. அனுப்பலாமா?

கிளப் வீராங்கனையாக அனுப்ப முடியாது. உலகக் கால்பந்து அமைப்பான பிஃபாவின் வீரர் மாற்று விதிகளில் 19ஆம் பிரிவு, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களை நாடு விட்டு நாடு மாற்றுவதைத் தடை செய்கிறது. விதிவிலக்குகள் சில உண்டு. பெற்றோர் கால்பந்துக்குச் சம்பந்தமில்லாத காரணத்துக்காக அந்த நாட்டுக்குக் குடிபெயர்ந்திருக்க வேண்டும், அல்லது வீடும் கிளப்பும் எல்லையிலிருந்து 50 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். 16 முதல் 18 வரையான வயதுக்கு இருக்கும் சலுகை ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் மாறுகிறவர்களுக்கு மட்டும். பாம்பன் பிள்ளைக்கு இவை எதுவும் பொருந்தாது.

அப்படியானால் அந்த அகாடமி என்ன தருகிறது? பெரும்பாலும் கட்டணம் வாங்கிக்கொண்டு மாணவர் விசாவில் பயிற்சி. அது சட்டவிரோதம் அல்ல. ஆனால் அங்கே ஒரு கிளப்பின் பெயரில் பதிவாகி லீகில் ஆட முடியாது. லட்சங்களைக் கொட்டி ஒரு வருடம் பயிற்சி ஆட்டம் மட்டும் ஆடிவிட்டு வரும் பிள்ளை, அதே வருடம் இங்கே பதிவுபெற்ற போட்டிகளில் ஆடியவளைவிடப் பின்தங்கிவிடுவாள். எங்கள் கருத்தில் அந்தப் பணத்தைக் கடன் வாங்கிக் கட்டுவது தவறு.

அப்ப 18 வயசு வரைக்கும் என்ன செய்யணும்?

பதிவு, ஆட்டம், சான்று. மாவட்டக் கால்பந்து சங்கத்தின் போட்டி, மாநில வயதுப்பிரிவு அணி, பிறகு தமிழ்நாடு மகளிர் லீக், அங்கிருந்து இந்திய மகளிர் லீக் அல்லது அதன் இரண்டாம் பிரிவு. இதுதான் ஏணி. கிளப்பில் சேரும்போது அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் கணினிப் பதிவில் பெயர் ஏற வேண்டும். பிஃபா அடையாள எண் அதன் வழியாகத்தான் கிடைக்கும். கிளப்காரர் “பதிவு பண்ணிட்டோம்” என்று சொன்னால் மட்டும் போதாது. அந்த எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

12 வயதிலிருந்து எந்த கிளப்பில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை பதிவாகியிருந்தாள் என்பதும் முக்கியம். நாளை ஒரு கிளப் காசு கொடுத்து அவளை வாங்கினால், அந்தத் தொகையில் 5 சதவீதம் 12 முதல் 23 வயது வரை பயிற்சி தந்த கிளப்புகளுக்குப் பிரித்துத் தரப்படும். சின்ன ஊர் கிளப்புக்கு அது பெரிய காசு. பதிவு இல்லாவிட்டால் ஒரு ரூபாயும் வராது. (ஆண்கள் கால்பந்தில் உள்ள தனிப் ‘பயிற்சி இழப்பீடு’ மகளிருக்குக் கிடையாது. அதனால் “இழப்பீடு கட்டினால்தான் விடுவோம்” என்று எந்த கிளப்பும் பிள்ளையை நிறுத்தி வைக்க முடியாது.)

பாஸ்போர்ட்டில் பெயர்ப் பிரச்சினை வரும் என்கிறார்களே, அது என்ன?

நம் ஊர்ப் பிள்ளைகள் அதிகம் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். பள்ளிச் சான்றிதழில் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்து இனிஷியல் இருக்கும். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் இனிஷியல் செல்லாது, விரித்து எழுத வேண்டும். அப்பா பெயர் முனியசாமி என்று வையுங்கள். ஆதாரில் ஆங்கிலத்தில் நடுவில் ‘ஒய்’ எழுத்தோடு இருக்கும், ரேஷன் கார்டில் அது இல்லாமல் இருக்கும், மதிப்பெண் பட்டியலில் ‘எம்’ மட்டும் இருக்கும். கால்பந்துப் பதிவில் கோச் அவசரத்தில் எழுதிய நாலாவது வடிவம் ஒன்று இருக்கும். உள்ளூர் போட்டி வரைக்கும் யாரும் கேட்க மாட்டார்கள். வெளிநாட்டு கிளப், வீரர் மாற்றத்தைப் பதியும் பிஃபாவின் கணினியில் பாஸ்போர்ட் நகலை ஏற்றும்போது, பாஸ்போர்ட்டும் இந்தியப் பதிவும் ஒரே ஆளுடையதா என்ற கேள்வி எழும். திருத்தி முடிப்பதற்குள் மாற்றுக் காலம் (கிளப் மாற அனுமதி உள்ள சில வாரங்கள்) மூடிவிடும்.

பத்தாம் வகுப்புச் சான்றிதழை மூலமாக வைத்துக்கொண்டு மற்றவற்றை அதற்கு ஒத்துப்போகும்படி திருத்துவதே சுலபம். ஆதார் முதலில், பிறகு பாஸ்போர்ட், பாஸ்போர்ட் வந்த அன்றே கால்பந்துப் பதிவுத் திருத்தம். விண்ணப்பத்தில் பிள்ளையின் பெயரை ‘கிவன் நேம்’ கட்டத்திலும் அப்பா பெயரை ‘சர்நேம்’ கட்டத்திலும் போடுங்கள். சர்நேமைக் காலியாக விட்டால் சில நாடுகளின் விசா விண்ணப்பம் தடுமாறும். ஒற்றைப் பெயர் மட்டும் உள்ளவர்களுக்குச் சுற்றுலா விசாவில் அனுமதி இல்லை என்று ஐக்கிய அரபு அமீரகம் 2022இல் அறிவித்தது நினைவிருக்கலாம்.

நம் மாவட்டம் மதுரை பாஸ்போர்ட் அலுவலகத்தின் கீழ் வருகிறது. சிறார் பாஸ்போர்ட் பொதுவாக 5 வருடம் அல்லது 18 வயது ஆகும் வரை, எது முன்னால் வருகிறதோ அதுவரைதான் செல்லும். ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகும் குறைந்தது 6 மாதம் செல்லுபடி இருக்கும்படி புதுப்பித்துக்கொள்ளுங்கள்.

பத்தாவது முடிக்காமல் விட்டுவிட்டாள். ஆட்டம் நன்றாக இருக்கிறது. போக முடியுமா?

ஐரோப்பாவுக்குத் தடை இல்லை. வளைகுடா நாடுகள், ஜோர்டான், மலேசியா, தாய்லாந்து உள்ளிட்ட 18 நாடுகளுக்கு வேலைக்குப் போக, பத்தாம் வகுப்புத் தேர்ச்சி இல்லாதவர்களின் பாஸ்போர்ட்டுக்குக் குடியேற்ற அனுமதி தேவை. அந்த வகை பாஸ்போர்ட்டில் போகும் பெண்களுக்கு 30 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது விதி. 30 வயதில் முதல் ஒப்பந்தம் போடும் வீராங்கனை ஏது? சவுதியில் மகளிர் பிரீமியர் லீக் 2022இல் தொடங்கி வெளிநாட்டு வீராங்கனைகளை எடுத்து வரும் நேரத்தில் அந்தக் கதவை மூடிக்கொள்ள வேண்டாம். தனித்தேர்வராகவாவது பத்தாவதை எழுத வையுங்கள். கடற்பாசி எடுக்கப் போகும் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது சிரமம் என்று தெரியும். ஆனாலும் இந்த ஒரு சான்றிதழ் தரும் வசதி மிகப் பெரியது.

கடற்கரை மணலில் ஆடிப் பழகியது உதவுமா, கெடுக்குமா?

இரண்டும். மணலில் ஓடுவது காலுக்கு வலு தரும், கீழே விழுந்தால் அடி குறைவு. ஆனால் மணலில் பந்து உருளாது. தூக்கித் தூக்கி ஆடும் பழக்கம் வந்துவிடும். நம் ஊர்ச் செம்மண் தரையில் பந்து நெஞ்சு உயரத்துக்குக் குதிக்கும். ஐரோப்பிய மைதானத்தில் ஆட்டத்துக்கு முன் புல்லுக்குத் தண்ணீர் தெளிப்பார்கள். அங்கே பந்து குதிக்காது, சறுக்கிக்கொண்டு வரும். இங்கே காலில் நிற்கும் பந்து அங்கே காலில் பட்டு இரண்டு மீட்டர் தள்ளிப் போகும். ட்ரயலுக்குப் போகிறவர்களை முதல் நாளில் திணறடிப்பது இந்த முதல் தொடுதல்தான்.

வாரத்தில் இரண்டு நாளுக்கு மேல் மணல் வேண்டாம். வெறுங்காலில் நீண்ட ஓட்டம் ஓடினால் குதிகால் நரம்பும் கெண்டைக்காலும் இழுத்துக்கொள்ளும். ஈரமணலில், அலை ஒதுங்கும் கெட்டித் தரையில் ஓடினால் கரைச் சரிவினால் ஒரு பக்க இடுப்பும் முழங்காலும் வலிக்கும். அதனால் போன தூரம் அளவுக்குத் திரும்பியும் ஓட வேண்டும். பாஸ் பயிற்சிக்கு வாடகை டர்ஃபில் வாரம் ஒரு மணி நேரமாவது எடுங்கள். பந்து முழு அளவு ஐந்தாம் எண், சுற்றளவு 68 முதல் 70 செ.மீ., எடை 410 முதல் 450 கிராம். தேய்ந்து நூல் பிரிந்த பந்து இலேசாகிவிடும். அதில் பழகிய கால் புதுப் பந்தில் தூரத்தைத் தவறவிடும்.

ஷூவிலும் கவனம் தேவை. இயற்கைப் புல்லுக்கான, அடியில் நீளக் கட்டைகள் (ஸ்டட்) உள்ள ஷூவைச் செயற்கைப் புல்லில் போட்டால் கால் தரையில் பூட்டிக்கொள்ளும், உடம்பு திரும்பும், முழங்கால் போகும். செயற்கைப் புல்லுக்குக் குட்டையான, எண்ணிக்கையில் அதிகமான வட்டக் கட்டைகள் உள்ள ஷூ வேண்டும். இரண்டு ஜோடி வாங்க வசதி இல்லை என்றால் இதை வாங்குங்கள். இதைப் புல்லிலும் ஓரளவு சமாளிக்கலாம்.

உடல் தகுதியில் என்ன அளவு எதிர்பார்ப்பார்கள்?

பல கிளப்புகளில் யோ-யோ சோதனை உண்டு. 20 மீட்டர் போய்த் திரும்பி, 10 விநாடி ஓய்வு, மணி ஒலிக்க ஒலிக்க வேகம் கூடும். அதன் முதல் நிலைச் சோதனையில் ஐரோப்பிய உயர்மட்ட வீராங்கனைகள் பொதுவாக 1,200 முதல் 1,600 மீட்டர் வரை ஓடுகிறார்கள். ராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி விளையாட்டரங்கம் போன்ற சமதளத்தில் மாதம் ஒரு முறை அளந்து தேதியோடு எழுதி வையுங்கள். மணலில் அளந்த கணக்கு எதற்கும் ஒப்பிட உதவாது.

வீடியோ எப்படி எடுக்க வேண்டும்?

மூன்று முதல் ஐந்து நிமிடத் தொகுப்பு ஒன்று, வெட்டாத முழு ஆட்டம் இரண்டு. தொகுப்பைப் பார்த்துக் கவனிப்பார்கள், முழு ஆட்டத்தைப் பார்த்து முடிவெடுப்பார்கள். ஒவ்வொரு துண்டின் தொடக்கத்திலும் உங்களை அம்பால் காட்டுங்கள். பின்னணிப் பாட்டு வேண்டாம். கோல் மட்டும் சேர்க்காதீர்கள். தடுப்பாட்டக்காரி என்றால் ஒற்றைக்கு ஒற்றை மறித்தது, தலையால் வென்ற பந்து, அழுத்தத்தில் கொடுத்த பாஸ் எல்லாம் வேண்டும். மற்றக் காலால் ஆடியதும் வேண்டும். கேமரா தரைமட்டத்தில் இருந்தால் இடம் பிடிக்கும் புத்தி தெரியாது. மாடி, தண்ணீர்த் தொட்டிப் படி, எங்காவது நாலைந்து மீட்டர் உயரத்தில், நடுக்கோட்டுக்கு நேரே நின்று எடுக்கச் சொல்லுங்கள். முதல் திரையில் பிறந்த தேதி, உயரம், ஆடும் இடம், எந்தக் கால், தேசிய அணி ஆட்டங்கள், இப்போதைய ஒப்பந்தம் முடியும் தேதி.

ஏஜென்ட் 2 லட்சம் முன்பணம் கேட்கிறார். கொடுக்கலாமா?

கூடாது. ஏஜென்டின் கூலி வீராங்கனைக்கு வரும் சம்பளத்தில் சதவீதமாகத்தான் இருக்க வேண்டும். சம்பளமே வராத நிலையில் அவருக்கு எதற்குப் பணம்? வருட வருமானம் 2 லட்சம் டாலர் வரை 5 சதவீதம் என்று பிஃபா உச்சவரம்பு வைத்தது. ஐரோப்பிய வழக்குகளால் அந்த வரம்பு 2023 டிசம்பர் இறுதியில் நிறுத்தி வைக்கப்பட்டாலும், நியாயமான அளவுகோலாக இன்றும் அதையே பிடித்துக்கொள்ளுங்கள். பிஃபா உரிமம் பெற்ற ஏஜென்டுகளின் பட்டியல் பிஃபா இணையதளத்தில் திறந்தே இருக்கிறது, அதில் பெயரைத் தேடுங்கள். ஏஜென்டோடு போடும் ஒப்பந்தம் 2 வருடத்துக்கு மேல் போகக் கூடாது, தானாகப் புதுப்பிக்கவும் கூடாது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐரோப்பிய கிளப்புகள் கோடை மாற்றுக் காலத்துக்கு ஆள் தேடும் மாதங்களும் நம் கரையில் மீன்பிடித் தடைக்காலமும் ஒன்றாக வருகின்றன. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது, வீட்டில் கையிருப்பு இருக்காது. அந்த நேரத்தில் “இந்த வாரத்துக்குள் கட்டினால்தான் இடம்” என்று வரும் அழைப்பை நம்பி வட்டிக்கு வாங்காதீர்கள். கிளப்பின் அழைப்புக் கடிதம் கிளப்பின் சொந்த இணைய முகவரியிலிருந்து வந்திருக்கிறதா பாருங்கள். கிளப் இணையதளத்தில் உள்ள எண்ணுக்கோ முகவரிக்கோ நீங்களே எழுதி உறுதி செய்யுங்கள். அந்தப் பதில் வரும் வரை பணம் கட்டாதீர்கள்.

ட்ரயலுக்கு எந்த விசா? செலவு யாருடையது?

ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பாவின் ஷெங்கன் நாடுகளுக்குக் குறுகிய கால விசா போதும், 180 நாளில் 90 நாள் வரை தங்கலாம். அந்த விசாவில் ஒப்பந்தம் போட்டுச் சம்பளத்துக்கு ஆட முடியாது. தேர்வானாலும் பெரும்பாலும் ஊர் திரும்பி நீண்ட கால விசாவுக்கு விண்ணப்பிக்க வேண்டியிருக்கும். அந்த விசாவுக்குக் காவல்துறை நன்னடத்தைச் சான்று, அப்போஸ்டில் (வெளிநாட்டில் செல்லும் என்று உறுதி செய்யும்) முத்திரை பெற்ற பிறப்புச் சான்று போன்றவற்றைக் கேட்பார்கள். மாநில அரசின் சான்றொப்பம், பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் என்று இரண்டு படி உள்ள வேலை இது. ட்ரயலுக்குக் கிளம்பும் முன்பே முடித்து வைத்தால் மாதக்கணக்கில் மிச்சமாகும்.

தங்குமிடமும் சாப்பாடும் கிளப் தருவது வழக்கம். விமான டிக்கெட் பேச்சைப் பொறுத்தது. ட்ரயலில் அடிபட்டால் சிகிச்சை யார் செலவு என்பதை எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சாதாரணப் பயணக் காப்பீடு பலவற்றில் தொழில்முறை விளையாட்டுக் காயம் சேராது.

எந்த நாட்டை முதலில் குறி வைப்பது?

இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் முதல் படி ஆகாது. அங்கே அந்நாட்டுக் கால்பந்து சங்கத்தின் ஒப்புதல் இல்லாமல் வேலை விசா இல்லை. தேசிய அணிக்கு எத்தனை ஆட்டம் ஆடினீர்கள், உங்கள் நாட்டின் தரவரிசை என்ன என்பவை ஒப்புதலில் முக்கியமாகப் பார்க்கப்படும். தேசிய அணியில் நிலையாக ஆடாதவர்களுக்குச் சைப்ரஸ், குரோஷியா, கிரீஸ் போன்ற நடுத்தர லீகுகளும் மாலத்தீவு, நேபாளம் போன்ற அண்டை நாடுகளும்தான் நடைமுறைக்கு ஏற்றவை. ஐரோப்பாவில் பெரும்பாலும் ஆகஸ்ட் முதல் மே வரை சீசன். ஸ்வீடன், நார்வே, ஐஸ்லாந்தில் வசந்தத்தில் தொடங்கி இலையுதிர் காலத்தில் முடியும். இந்திய லீக் முடியும் தேதியை இதோடு பொருத்திப் பாருங்கள்.

ஒப்பந்தத்தில் எதை எதைப் பார்க்க வேண்டும்?

முதலில் தேதிகள். பிஃபா விதிப்படி ஒப்பந்தம் குறைந்தது அந்த சீசன் முடியும் வரை, அதிகம் 5 வருடம். “மருத்துவப் பரிசோதனையில் தேறினால்தான் செல்லும்”, “வேலை அனுமதி கிடைத்தால்தான் செல்லும்” என்று ஒப்பந்தத்தையே நிபந்தனைக்கு உட்படுத்தக் கூடாது என்பது 18ஆம் பிரிவு. அவற்றைக் கையெழுத்துக்கு முன் பார்த்துக்கொள்வது கிளப்பின் வேலை. அப்படி ஒரு வரி இருந்தால் எடுக்கச் சொல்லுங்கள்.

அடுத்து சம்பளம். வரிக்கு முன்னா, வரி போகவா? எந்தத் தேதியில்? எத்தனை மாதம்? ‘வருடத்துக்கு’ என்று பேசிவிட்டு 10 மாதம் மட்டும் தரும் ஒப்பந்தங்கள் உண்டு. தனி அறையா, நாலு பேர் சேர்ந்த அறையா? மின்கட்டணமும் குளிர்கால வெப்பமூட்டும் கட்டணமும் யாருடையது? இதைக் கேட்காமல் போனவர்கள் டிசம்பரில் சம்பளத்தில் பெரும் பங்கை ஹீட்டருக்குக் கொடுத்துவிட்டு நிற்பார்கள். வருடத்துக்கு ஒரு முறையாவது மதுரை அல்லது சென்னை வரை போய்வர டிக்கெட் இருக்கட்டும். ‘இந்தியா’ என்று மட்டும் எழுதினால் டெல்லியோடு நிறுத்திவிடலாம். அறுவை சிகிச்சை தேவைப்பட்டால் எங்கே, யார் செலவில், ஆட முடியாத மாதங்களுக்குச் சம்பளம் உண்டா? இந்த ஒரு பத்தி இல்லாத ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடவே வேண்டாம்.

ஒப்பந்தம் இரண்டு மொழிகளில் இருந்தால் எது செல்லும் என்று கடைசியில் ஒரு வரி இருக்கும். அந்நாட்டு மொழிப் பிரதிதான் செல்லும் என்றிருந்தால், அதை அந்த மொழி தெரிந்தவரிடம் காட்டாமல் போடாதீர்கள். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்து, கிளப்பின் கையெழுத்தும் முத்திரையும் உள்ள அசல் ஒன்று உங்கள் கையில், அதன் படம் வீட்டில் அம்மா போனில்.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கலாம்?

ஆண்கள் கால்பந்துக் கணக்கை மறந்துவிடுங்கள். பிஃபாவின் உலகளாவிய அறிக்கை ஒன்றில் தொழில்முறை வீராங்கனைகளின் சராசரி வருடச் சம்பளம் சுமார் 10,900 டாலர். அதிலும் மேல்மட்டத்துக் கிளப்புகள் சராசரியை இழுத்து ஏற்றுகின்றன. தங்குமிடமும் சாப்பாடும் சேர்ந்திருந்தால் முதல் ஒப்பந்தத்தில் கொஞ்சம் மிச்சம் பிடிக்கலாம். வீட்டுக் கடனை ஒரே வருடத்தில் அடைக்கலாம் என்ற கணக்கில் அனுப்பினால் பிள்ளையின் தலையில் பாரம்தான் ஏறும்.

சம்பளம் வரவில்லை என்றால்?

தேதி தவறிய அன்றே எழுத்தில் கேளுங்கள், வாட்ஸ்அப் போதாது, மின்னஞ்சல் அனுப்புங்கள். இரண்டு மாதச் சம்பளம் நிலுவையானால், 15 நாள் அவகாசம் தந்து எழுத்துமூலம் அறிவிப்பு கொடுத்து, அதற்கும் தராவிட்டால் நியாயமான காரணத்தோடு ஒப்பந்தத்தை முறித்துக்கொள்ள பிஃபா விதி 14இன் துணைப்பிரிவு இடம் தருகிறது. அறிவிப்பே கொடுக்காமல் கோபத்தில் ஊருக்கு வந்துவிட்டால் ஒப்பந்தத்தை மீறியவர் நீங்கள் என்றாகிவிடும். பிஃபா தீர்ப்பாயத்தில் 2 வருடத்துக்குள் புகார் தர வேண்டும், வீராங்கனைக்குக் கட்டணம் கிடையாது. உலக வீரர்கள் சங்கமான ஃபிஃப்ப்ரோவில் இந்திய வீரர்கள் சங்கமும் உறுப்பு. கிளம்பும் முன்பே இந்தியச் சங்கத்தில் சேர்ந்திருங்கள்.

ஐ.டி.சி. என்றால் என்ன?

சர்வதேச மாற்றுச் சான்றிதழ். புதிய நாட்டின் சங்கம் இந்தியச் சம்மேளனத்திடம் கணினி வழியாகக் கேட்டு வாங்கும். அது வராமல் லீக் ஆட்டம் ஆட முடியாது. 2018 ஜனவரி முதல் தொழில்முறை வீராங்கனைகளுக்கும் இந்தக் கணினி வழி கட்டாயம். இங்கே பழைய கிளப்போடு ஒப்பந்தம் முடியவில்லை என்றால் இது சிக்கும். அதனால் விடுவிப்புக் கடிதத்தை வாய்ச்சொல்லாக விடாமல் தேதி போட்டு வாங்குங்கள். ஒரு சீசனில் மூன்று கிளப்பில் பதிவாகலாம், இரண்டுக்கு மட்டுமே ஆட முடியும் என்பதும் நினைவிருக்கட்டும்.

முழங்கால் வலிக்கு ஊசி போட்டுக்கொண்டு ட்ரயலுக்குப் போகலாமா?

என்ன ஊசி என்று தெரியாமல் போடவே கூடாது. வலிக்கு என்று போடும் பல ஊசிகளில் ஸ்டீராய்டு இருக்கும். உலக ஊக்கமருந்துத் தடுப்பு விதிப்படி, 2022 ஜனவரி முதல் அந்த ஸ்டீராய்டு வகையான குளுக்கோகார்ட்டிகாய்டு ஊசி எந்த வழியில் போட்டாலும் போட்டிக் காலத்தில் தடை. போட்டிக் காலம் ஆட்டத்துக்கு முந்தின இரவு 11.59க்கே தொடங்கிவிடுகிறது. அந்த வகையில் ஒன்றான டிரையாம்சினலோன் மருந்தைத் தசையில் போட்டால் உடம்பை விட்டுப் போக 60 நாள் கணக்கு வைக்கிறார்கள். டிரமடால் என்ற வலி மாத்திரை 2024 முதல் போட்டிக் காலத் தடைப் பட்டியலில் இருக்கிறது. மருந்துச் சீட்டை வாங்கி வையுங்கள். பெயர் எழுதாத பொட்டலத்தில் வரும் லேகியம், சூரணம், புரோட்டீன் பொடி எதுவும் வேண்டாம்.

பெண்களுக்கு முழங்கால் முன் சிலுவைத் தசைநார் கிழிவது ஆண்களைவிட அதிகம். கிழிந்தால் குறைந்தது 9 மாதம். பாலா தேவியின் ஸ்காட்லாந்துப் பயணத்தையும் முழங்கால் காயம்தான் குறுக்கியது. பிஃபா 11+ என்ற 20 நிமிட வார்ம்-அப், மூன்று பகுதி, 15 பயிற்சி, வாரம் இரண்டு முறையாவது செய்தால் காயம் கணிசமாகக் குறைகிறது. விலையுயர்ந்த உபகரணம் எதுவும் தேவையில்லை. தாவி இறங்கும்போது முழங்கால் உள்பக்கம் மடங்குகிறதா என்று முன்னால் நின்று ஒருவர் பார்க்க வேண்டும், அது முக்கியம்.

முக்காடு போட்டு ஆட முடியுமா?

கீழக்கரை, பெரியபட்டினம், தொண்டிப் பக்கம் கட்டாயம் வரும் கேள்வி. கால்பந்துச் சட்டத்தில் 2014 முதல் தலைமறைப்புக்கு அனுமதி உண்டு. 2023 உலகக் கோப்பையில் மொராக்கோவின் நுஹைலா பென்சினா ஹிஜாபோடு ஆடினார். ஆனால் பிரான்சின் சம்மேளனம் தன் போட்டிகளில் அனுமதிப்பதில்லை, அந்நாட்டு உயர் நிர்வாக நீதிமன்றமும் 2023இல் அதை உறுதி செய்தது. எனவே பிரான்ஸ் கிளப் என்றால் முதலிலேயே யோசியுங்கள். ரமலான் நோன்பு பற்றி கிளப் மருத்துவரிடம் சீசன் தொடக்கத்திலேயே சொல்லிவிடுவது நல்லது.

கல்யாணம், குழந்தை என்று வந்தால் ஒப்பந்தம் போய்விடுமா?

போகாது. 2021 ஜனவரி முதல் குறைந்தது 14 வார மகப்பேறு விடுப்பு உண்டு. அதில் பிரசவத்துக்குப் பின் குறைந்தது 8 வாரம், சம்பளத்தில் மூன்றில் இரண்டு பங்கு. கர்ப்பத்தைக் காரணம் காட்டி நீக்க முடியாது.

பணத்தை வீட்டுக்கு அனுப்புவது எப்படி? வரி?

நிதியாண்டில் இந்தியாவில் 182 நாளுக்குக் குறைவாக இருந்து வேலைக்குப் போனால் வெளிநாட்டுச் சம்பளத்துக்கு இங்கே வரி இல்லை. ஆகஸ்ட் 1இல் கிளம்பினால் ஏப்ரலிலிருந்து 122 நாள்தான் ஆகியிருக்கும். ஜனவரியில் கிளம்பினால் அந்த மார்ச் வரைக்குமான சம்பளம் இங்கும் கணக்கில் வரும், அங்கே கட்டிய வரியைக் கழித்துக்கொள்ளலாம். கிளம்பியதும் ஊர் வங்கியில் சொல்லி, பழைய கணக்கை வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்.ஆர்.ஓ. கணக்காக மாற்ற வேண்டும். கூடவே வெளிநாட்டுச் சம்பளத்தை அனுப்ப ஒரு என்.ஆர்.இ. கணக்கு திறந்து, பணம் எடுக்க அம்மாவுக்கோ அப்பாவுக்கோ அதிகாரக் கடிதம் கொடுத்துவிடலாம்.

வெளிநாட்டில் ஆடினால் விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலை கிடைக்குமா?

இது பலருக்கும் தவறாகப் புரிந்திருக்கும் விஷயம். விளையாட்டு ஒதுக்கீட்டில் பொதுவாகக் கணக்கில் வருவது நாட்டுக்கோ மாநிலத்துக்கோ ஆடியதும், பல்கலைக்கழக, பள்ளி அளவிலான தேசியப் போட்டிகளும். வெளிநாட்டு கிளப்புக்கு 50 ஆட்டம் ஆடினாலும் அந்தப் படிவத்தில் எழுத இடமில்லை. அதனால் வெளிநாடு போகும் முன் தமிழ்நாடு சீனியர் அணியில் தேசிய சாம்பியன்ஷிப் ஆடிவிடுங்கள். தமிழ்நாடு 2018லும் 2023லும் வென்ற போட்டி அது. முடிந்த கையோடு மாநிலச் சங்கத்தின் கையெழுத்தோடு உரிய படிவத்தில் சான்றிதழ் வாங்குங்கள். ஐந்து வருடம் கழித்துக் கேட்டால் அன்றைய நிர்வாகி மாறியிருப்பார், ஆட்டத் தாள் கிடைக்காது.

இந்திய அணி வீராங்கனை இந்துமதி கதிரேசன்போல் ஏற்கெனவே காவல்துறையில் இருப்பவர்கள், ரயில்வேயில் இருப்பவர்கள் என்றால் துறையின் தடையின்மைக் கடிதம் இல்லாமல் வெளிநாட்டு ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடக் கூடாது. அது கைக்கு வர மாதக்கணக்காகும் என்பதால், ட்ரயல் அழைப்பு வந்த வாரமே விண்ணப்பித்துவிடுங்கள்.